சரித்திரமும் கதையும்: நம்மவர் கடமை

முன்னோர் வரலாற்றை அறிந்து போற்றுதல் எச்சமூகத்தார்க்கும் உரிய கடமையாகும். அவ்வரலாறு இக்காலத்தில் நம் மக்களுக்கு எவ்வழியாக வந்து சேர்கின்றது என்பதைச் சிறிது ஆராய்ந்து பார்ப்போமாக. கல்வெட்டுகளைத் தேடிச் சென்று படிப்போர் மிகச் சிலர். சாசனத் தொகுதிகளைப் புரட்டிப் பார்ப்போர் அவரினுஞ் சிலர். எஞ்சிய பெரும்பாலோர்க்குப் பழைய அரசர்கள் அறிமுகமாவது சரித்திர நாவல்களாலும் சினிமாப் படங்களாலுமே. இதனாற் பயனில்லை என்று யாம் கூற வரவில்லை. ஆனால் கதைக்காக ஒருவர் கற்பித்த செய்தி நாளடைவில் நடந்த செய்தியாகவே வேரூன்றி, பின்னர் அதனைக் கொண்டே ஒரு குலத்தாரைப் புகழவும் மற்றொரு குலத்தாரை இகழவும் மக்கள் முற்படுவராயின், அது வாளாவிருத்தற்குரிய விஷயமன்று.

படங்களிற் காணும் பிழைகளை எடுத்துக்காட்டி வருந்துவோர் நம்முள்ளும் பலர் உளர். அவ்வருத்தம் நியாயமானதே. ஆயினும் படம் எடுப்போரை எவ்வளவுகோல் கொண்டு அளக்கின்றோமோ, அவ்வளவுகோல் கொண்டே நம் குல வரலாறு எழுதுவோரையும் அளத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. அதனை விளக்குதற்கே இக்கட்டுரை எழுந்தது.

உடையார்குடிச் சாசனம்

கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தம் பத்திரிகையில் தொடர்கதையாக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ நம் வீடுகளிற் பலவற்றில் இருக்கும் நூலாகும். மணிரத்தினம் அவர்கள் அதனை 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரண்டு படங்களாக எடுத்து வெளியிட்டனர். கதையின் நடுவே நிற்பது சுந்தர சோழரின் மூத்த மகனான ஆதித்த கரிகாலன் கொலை. இக்கொலை மெய்யாகவே நிகழ்ந்தது. அதற்குக் கற்சான்று உண்டு.

காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் உளது. அக்கோயிற் சுவரில் இராசகேசரிவர்மன் என்ற அரசனது 2ஆம் ஆட்சியாண்டுச் சாசனம் ஒன்று பொறிக்கப்பெற்றுள்ளது. அவ்வரசன் முதலாம் இராசராசனே என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. அவன் 985ஆம் ஆண்டில் அரியணை ஏறியவனாதலின் சாசனம் ஏறக்குறைய 987ஆம் ஆண்டினது ஆகும். வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார்க்கு அரசன் விடுத்த ஆணை அதிற் கூறப்படுகின்றது. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர் என்று சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராயன் ஆகியோர் பெயர்கள் வருகின்றன. அவர்தம் உறவினரும் அத்தண்டனைக்குள் அடங்குவர். அவர்கள் உடைமை பறிக்கப்பட்டதும், அந்நிலத்தில் ஒரு பகுதி விலைக்குக் கொள்ளப்பட்டு அறத்திற்கு அளிக்கப்பட்டதும் அதனால் விளங்குகின்றன.

இனி, அக்கல் சொல்லாதவை எவை என்று பார்ப்போம். கொலை எவ்விடத்தில் நிகழ்ந்தது என்று கல் சொல்லவில்லை. கடம்பூர் மாளிகை கதையாசிரியர் அமைத்த களம். என்ன காரணத்தால் நிகழ்ந்தது என்று சொல்லவில்லை. எவர் கை வாளால் நிகழ்ந்தது என்றும் சொல்லவில்லை. நந்தினி என்றொரு பெண்ணைப் பற்றிக் கல்லிலும் இல்லை, செப்பேட்டிலும் இல்லை. அவள் முற்றிலும் கல்கியின் படைப்பு. வந்தியத்தேவர் அங்ஙனமல்லர். அவர் குந்தவையாரின் கணவர் என்பது தஞ்சைப் பெரிய கோயிற் சாசனத்தாற் போதரும். எனினும் நாவலில் அவர் குதிரையேறிச் செய்யும் செயல்களுக்குச் சான்று எதுவும் இல்லை.

கல் சொல்லுவதற்கும் சொல்லாததற்கும் இடைப்பட்ட வெளியிலேதான் ஆராய்ச்சியாளர் கருத்துகள் எழுகின்றன. கொலைக்குப் பின் ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் ஆட்சி புரிந்தவர் உத்தம சோழர். அவர் காலம் கடந்து இராசராசன் ஆட்சியில் இவ்வாணை காணப்படுதலின், உத்தம சோழர்க்கே இக்கொலையில் பங்கிருந்திருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றனர். சதாசிவ பண்டாரத்தார் அக்கருத்தை மறுத்தனர். உத்தம சோழரின் அன்னையார் செம்பியன் மாதேவியார் இராசராசன் காலத்தும் பெருமதிப்புடன் வாழ்ந்தனர். உத்தமரின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயிற் காரியங்களை ஆராயும் உயர்பதவியில் இருந்தனன். அண்ணனைக் கொல்வித்தவன் குடும்பத்தை அரசன் இங்ஙனம் போற்றுவானோ என்பது சிந்தித்தற்குரியது. நிலம் விற்கப்பட்ட ஆண்டு 987 என்பதனால், தண்டனையும் அவ்வாண்டிலேதான் தொடங்கிற்று என்று கொள்ளுதற்கும் இடமில்லை. குற்றவாளிகளுள் ஒருவன் பாண்டியர்க்குரிய பெயர் சார்ந்த பட்டமும், மற்றொருவன் சோழர் பெயர் சார்ந்த பட்டமும் தாங்கியுள்ளனர். இந்த ஒரு செய்தியைக் கொண்டே பாண்டியர் பழிவாங்கினர் என்று கூறுவோரும் உளர். சோழர் அரண்மனைச் சூழ்ச்சி என்று கூறுவோரும் உளர்.

ஆகவே இவ்வொரு செய்தியில் மூன்று படிகள் இருத்தலை நேயர்கள் காணலாம். முதற்படி கல்லில் உள்ளது. இரண்டாம் படி கல்லைக் கொண்டு அறிஞர் ஊகிப்பது. மூன்றாம் படி கதாசிரியர் கற்பிப்பது. மூன்றும் மதிப்புடையனவே. ஆனால் ஒன்றன் இருக்கையில் மற்றொன்றை அமர்த்தினாற் குழப்பமே விளையும். உத்தம சோழராக வளர்பவன் ஒருவன், உண்மை மைந்தன் மற்றொருவன் என்ற ஆள்மாறாட்டம் நாவலில் உண்டு. படத்தில் அஃது இல்லை. இதனைக் கண்டு, ‘சரித்திரத்தை மாற்றிவிட்டார்கள்’ என்று நொந்தாரும் உண்டு. சாசனங்களிலோ உத்தமர் கண்டராதித்தர்க்கும் செம்பியன் மாதேவியார்க்கும் மகனார் என்பதல்லது ஆள்மாறாட்டம் யாதும் இல்லை. நாவலையே சரித்திரம் என்று கொண்டமையால் நேர்ந்த மயக்கம் இது.

பழுவூரார்க்கு நேர்ந்தது

கதையில் ஒரு பாத்திரம் தீயவனாக வேண்டும். அன்றேல் கதை நடவாது. ஆனால் அத்தீமையைச் சுமப்பவர் மெய்யாக வாழ்ந்த ஒரு குடியினராயின் அவர் பெயர் என்னாகும்? பழுவேட்டரையர் என்ற உடனே இன்று நம் சிறுவர் மனத்தில் எழும் உருவம், முதுமையில் மணம் புரிந்து மதியிழந்து அரசர்க்கு எதிராகச் சூழ்ச்சிக் கூட்டம் கூட்டிய ஒரு பெருந்தனக்காரர் உருவமே.

சாசனங்கள் காட்டும் பழுவேட்டரையர் வேறு. அரியலூர்ப் பக்கத்துப் பழுவூரை ஆண்ட இக்குடியினர் சோழர்க்குப் பெண் கொடுத்தவர். போரில் உடன் நின்றவர். முதற் பராந்தகன் காலத்தில், பாண்டியனும் ஈழப் படையும் சேர்ந்து எதிர்த்த வெள்ளூர்ப் போரில் சோழர் பக்கம் நின்று வென்றவர் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார். அவர்கள் எடுப்பித்த அவனிகந்தர்ப்ப ஈசுவர கிருகம் என்ற கோயில் இன்றும் அழகுடன் நிற்கின்றது. இராசராசனுடைய தேவியருள் ஒருவராகிய பஞ்சவன் மாதேவியார் பழுவூர் அவனிகந்தர்ப்பபுரத்துத் தேவனாரின் திருமகளார் ஆவர். அவ்வம்மையார் மறைந்த பின் அவர்க்கெனப் பள்ளிப்படை எடுப்பித்தவன் இராசேந்திர சோழன். தமையனைக் கொல்லச் சூழ்ந்தவர் என்று அறியப்பட்ட குடியிலிருந்து இராசராசன் பெண் கொண்டிருப்பானோ? ஆதித்தன் கொலையிற் குற்றஞ் சாட்டப்பெற்றவர் பட்டியலில் பழுவேட்டரையர் பெயர் இல்லை.

கல்கி அவர்கள் கதையாகவே சொல்லி வெளியிட்டமையால் அவர்மீது யாம் குறை கூறோம். குறை, கதையைக் கேட்டுவிட்டுக் கல்லைக் கேளாது அமைந்த நம்மிடத்ததே.

இத்தகைய மற்றோர் எடுத்துக்காட்டையும் சுருங்கக் கூறுவோம். 1959ஆம் ஆண்டில் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படம் நாட்டுணர்ச்சியை ஊட்டிய சிறந்த படம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் பின்னர் எட்டப்பன் என்ற பெயர் காட்டிக் கொடுப்பவனைக் குறிக்கும் வசைச்சொல்லாகவே நாடெங்கும் வழங்குகின்றது. எட்டயபுரத்தார் 1799ஆம் ஆண்டுப் போரிற் கும்பினியார்க்கு உதவியது மெய். அதனை யாம் போற்றவில்லை. ஆனால் அவர் பாஞ்சாலங்குறிச்சிக்கு அடங்கிய பணியாளர் அல்லர். எல்லைத் தகராறு கொண்ட அண்டைப் பாளையக்காரர். கட்டபொம்மர் பிடிபட்டதும் எட்டயபுரத்தில் அன்று. புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டில். எட்டப்பர் என்பது அவ்வரச மரபினர் வழிவழியாகத் தாங்கிய பெயர். முத்துசுவாமி தீட்சிதரை ஆதரித்ததும், சுப்பிரமணியன் என்ற சிறுவனுக்குப் பாரதி என்ற பட்டம் கிடைத்ததும் அச்சமஸ்தானத்திலேதான். ஒருவர் செயலுக்காக ஒரு மரபின் பெயரையே வசையாக்குதல் நீதியாகுமா என்பதை நேயர்களே ஓர்ந்து கொள்க.

செவிவழிச் செய்தியும் செப்பேடும்

‘எம் பாட்டனார் சொன்னார், அவர்க்கு அவர் பாட்டனார் சொன்னார்’ என்று செவிவழிச் செய்தியைச் சான்றாகக் காட்டுவோர் பலர். அச்செய்திகளை இகழ்தல் ஆகாது. எனினும் அவை எத்துணைத் தூரம் செல்லும் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று பகரும். அத்துணைப் பெரிய கோயிலை எடுப்பித்தவன் யார் என்பதை அதன் நிழலில் வாழ்ந்த மக்களே மறந்திருந்தனர். தலபுராணம் கரிகாற் சோழன் என்றது. வேறு சிலர் வேறு பெயர் கூறினர். 1886ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்துச் சாசன ஆராய்ச்சியாளராக அமர்ந்த ஜெர்மானியர் ஹூல்ஷ் என்பார் கோயிற் சுவரிலுள்ள எழுத்துகளைப் படித்து வெளியிட்ட பின்னரே இராசராசன் பெயர் மீண்டும் உலகறிய வெளிப்பட்டது. எழுத்தோ எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது, படிப்பார்தாம் இல்லை. இன்றும் அக்கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பெருமை பேசுவாருண்டு. மாலையில் ஒரு நாழிகை அங்கு நின்றால் நிழல் விழுதலைக் கண்ணாற் காணலாம்.

அங்ஙனமாயின் கல்லிலும் செம்பிலும் உள்ளதெல்லாம் மெய்யோ எனின், அதுவும் அன்று. திருவாலங்காட்டுச் செப்பேடு சோழர் குலத்தைச் சூரியனிலிருந்து தொடங்கிக் கூறுகின்றது. மனுவும் சிபியும் அவ்வழியில் வருகின்றனர். இவை புலவர் அரசனுக்குச் சூட்டிய அணி. அதே செப்பேட்டில் ஆதித்தன் மறைவும், சிற்றப்பன் அரசாள விரும்பியமையால் அருண்மொழி விட்டுக்கொடுத்ததும் கூறப்படுகின்றன. இவை சரித்திரத்தை ஒட்டியன. பின்னர் வரும் தமிழ்ப் பகுதியில் ஊர், நிலம், எல்லை ஆகியவை நுணுக்கமாகக் குறிக்கப்பெறுகின்றன. ஒரே ஏட்டில் மூன்று தரத்துச் செய்திகள் உள்ளன. ஆதலின் எழுதியவர் யார், எப்போது எழுதினார், யாரை மகிழ்விக்க எழுதினார் என்று கேட்டே எதனையும் கொள்ளுதல் வேண்டும். தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழியன்றோ?

நம் குல நூல்கள்

இவ்வளவும் பிறரைப் பற்றியன. இனி நம்மைப் பற்றிப் பேசுவோம்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லாச் சமூகத்தாரும் குல வரலாறு எழுதத் தொடங்கினர். 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கில் ரிஸ்லி துரையவர்கள் சாதிகளை உயர்வு தாழ்வு முறையில் வரிசைப்படுத்த முற்பட்டமை இதற்கு ஒரு காரணம். தாழ்ந்த வரிசையில் வைக்கப்படுவோமோ என்று அஞ்சியவர் விண்ணப்பம் எழுதினர். விண்ணப்பத்திற்குச் சான்றாக நூல் எழுதினர். அந்நாளில் அவர்க்கு நேர்ந்த இழிவை எண்ணும்போது அவர் முயற்சியை நாம் பழித்தல் தகாது. தலைகுனிந்து நின்ற மக்கள் தலைநிமிர அவை உதவின. ஆனால் வழக்கு வெல்லுதற்கு எழுதிய எழுத்தினை உண்மை காணுதற்கு எழுதிய எழுத்தாகக் கொள்ளுதல் இனிப் பொருந்தாது.

அத்தகைய நூல்களில் வாதம் செல்லும் வழி பெரும்பாலும் ஒன்றே. ஒரு சாசனத்தில் ஒரு பட்டப்பெயர் காணப்படும். அப்பெயர் நம்மவர் பட்டத்தை ஒத்திருக்கும். உடனே அவ்வதிகாரி நம் குலத்தவர், ஆகவே அரசரும் நம் குலத்தவர் என்று முடிவு கட்டப்படும். சோழர் காலத்தில் மூவேந்தவேளான், பல்லவரையன், பிரமராயன் முதலியன அரசர் தம் அதிகாரிகளுக்கு அளித்த பட்டங்கள். இராசராசனுடைய சேனாபதிகளுள் ஒருவரும், பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவருமான கிருஷ்ணன் இராமன் மும்முடிச்சோழ பிரமமாராயர் என்ற பட்டம் தாங்கிய அந்தணர். பட்டத்தையும் தொழிலையும் மட்டும் கொண்டு குலத்தைத் துணிவது எத்துணை இடர்ப்பாடு உடையது என்பது இதனால் விளங்கும்.

மற்றொன்றும் எண்ணுக. இராசராசன் முடிசூடி ஆயிரத்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. தலைமுறை ஒன்றுக்கு இருபத்தைந்து ஆண்டு என்று கொண்டாலும் நாற்பது தலைமுறைக்கு மேல் ஆகும். திதி கொடுக்கும்போது நாம் சொல்லும் பெயர்கள் மூன்று தலைமுறையோடு நிற்கின்றன. இடையில் விடுபட்ட முப்பத்தேழு பெயர்களை எதனைக் கொண்டு நிரப்புவோம்? இராசராசன் எம் குலத்தவனே என்று பல சமூகத்தாரும் இன்று உரிமை பாராட்டுகின்றனர். எல்லாரும் ஒரே அரசனைக் கோருதலின், ஒருவர் கூற்று மெய்யாயினும் ஏனையோர் கூற்றுப் பொய்யாதல் வேண்டும். இப்பூசலால் நம் பிள்ளைகள் அயல்வீட்டுப் பிள்ளைகளோடு மனக்கசப்புக் கொள்ளுதலன்றி விளைந்த நன்மை யாது?

அரசனுடைய புகழிற் பங்கு கேட்போர் அவன் காலத்துக் குறைகளிலும் பங்கு ஏற்றல் வேண்டும். பெரிய கோயிற் சாசனங்களில் ஊர்களின் நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்கள் வருகின்றன. இவற்றை எந்தப் படமும் காட்டவில்லை. எந்தக் குல நூலும் எடுத்தோதவில்லை. இனியதை மட்டும் எடுத்துக்கொண்டு கசப்பை மறைத்தல் படம் எடுப்போர் செய்தால் பிழை, நாம் செய்தால் பெருமையோ?

முன்னோரை அரண்மனையில் மட்டும் தேட வேண்டுவதில்லை. இராசராசன் பெரிய கோயிலில் ஊழியம் புரிந்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாகக் கல்லில் வெட்டுவித்தனன். நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் இன்ன ஊர்க் கோயிலினின்று வந்தவர், இன்ன தெருவில் இன்ன வீட்டினர் என்று குறிக்கப்பெற்றுள்ளனர். கொட்டு முழக்குவோர், தையற்காரர், வண்ணத்தார், நாவிதர், குயவர், கன்னார், தச்சர், தட்டார், கணக்கர் ஆகியோர்க்கும் இத்துணைப் பங்கு நெல் என்று வரையறுக்கப்பெற்றுள்ளது. கையால் உழைத்து உண்டவன் பெயர் ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கின்றது. அவனை முன்னோன் என்று சொல்லிக்கொள்ளுதலில் என்ன இழிவு? பொய்யான முடியினும் மெய்யான உளி மேலானது என்பது எமது கருத்து.

செய்ய வேண்டுவன

குறை கூறியதோடு அமையாது செய்ய வேண்டுவனவற்றையும் கூறுதல் முறையாகும்.

முதலாவது, நம் குல வரலாறு எழுதுவோர் மேலே சொன்ன மூன்று படிகளையும் பிரித்தெழுதுக. சாசனச் செய்தியாயின் ஊர், கோயில், அரசன், ஆட்சியாண்டு ஆகியவற்றைக் குறிப்பிடுக. ஊகமாயின் ஊகம் என்றும், குல வழக்காயின் வழக்கு என்றும் ஒளியாது எழுதுக. குல வழக்கு என்று சொல்லிவிட்டால் அதன் அழகு குறைந்துவிடாது.

இரண்டாவது, வீடுகளில் உள்ள ஓலைச் சுவடிகள், பட்டயங்கள், பழைய கிரயப் பத்திரங்கள், மொய்க் கணக்கு ஏடுகள் ஆகியவற்றை எரிக்கவும் ஆற்றில் விடவும் வேண்டா. அவற்றைப் படம் பிடித்து வைப்பது இக்காலத்தில் எளிது. முதியோர் சொல்லும் செய்திகளையும் சொன்னவர் பெயர், நாள் ஆகியவற்றோடு எழுதி வைத்தல் நன்று.

மூன்றாவது, யாவற்றினும் முக்கியமானது. நம் அங்கத்தினர்கள் குலதெய்வக் கோயில்களுக்கும் ஊர்க் கோயில்களுக்கும் மனமுவந்து பொருள் வழங்கித் திருப்பணி செய்விக்கின்றனர். அத்திருப்பணியில் எழுத்துள்ள கற்களை மணல் வீச்சினால் தேய்த்தலும், சுண்ணமும் வர்ணமும் பூசி மறைத்தலும், புரட்டிப் படிக்கட்டாக இடுதலும் பலவிடங்களில் நிகழ்ந்துள்ளன. நம் முன்னோர் பெயர் ஒருவேளை அக்கல்லிலேயே இருந்திருக்கலாம். அதனை நம் பொருள் கொண்டே அழித்துவிட்டுப் பின்னர்ச் சரித்திரம் இல்லையே என்று ஏங்குதல் பேதைமை. பொருள் கொடுப்போர், ‘எழுத்துள்ள கல்லில் கை வைக்கலாகாது, தொல்பொருள் துறையார்க்கு அறிவித்துப் படியெடுத்த பின்னரே பணி தொடங்குக’ என்று கண்டிப்பாகக் கூறுதல் வேண்டும்.

நான்காவது, படங்களைப் பற்றியது. நம் முன்னோரைத் தவறாகக் காட்டினர் என்று தோன்றினால் தடை கேட்டு ஆரவாரஞ் செய்தல் பயன் தராது. எது கல்லில் உள்ளது, எது கற்பனை என்று படத்தின் தொடக்கத்திலேயே அறிவிக்குமாறு எடுப்போரைக் கேட்போம். அவ்வூர்ச் சாசனத்தை எளிய தமிழில் எழுதி நம் பத்திரிகையில் வெளியிடுவோம். கோடைவிடுமுறையில் பிள்ளைகளை உடையார்குடிக்கும் பழுவூர்க்கும் அழைத்துச் சென்று கல்லைக் காட்டுவோம். படம் பார்த்து எழுந்த ஆர்வத்தைக் கல்லின் முன் கொண்டு சேர்த்தால் அப்படமும் நமக்கு உதவியதாகவே முடியும்.

கதை சொல்வோர் கதை சொல்லட்டும். நாம் அதனைச் சுவைப்போம். சரித்திரம் என்று பெயரிட்டு எழுதும்போது மட்டும் பிறர்க்கும் நமக்கும் ஒரே துலாக்கோல் பிடிப்போமாக. நம் பேரன் பேத்தியர் நாளை கேள்வி கேட்கும்போது, ‘இது கல்லில் உள்ளது, இது நாங்கள் கருதியது’ என்று தெளிவாக விடையளிக்கும் நூலையே நாம் அவர்க்கு விட்டுச் செல்லுதல் வேண்டும். அதுவே முன்னோர்க்கு நாம் செய்யும் கடனும், பின்னோர்க்கு நாம் வைக்கும் செல்வமும் ஆகும்.

வாய்மை வெல்க.